அம்மா ஏற மறுத்த கார்

காலை நிகழ்ச்சியில் தினமும் நான்கு மணி நேரம் பேசிப் பழகியவள் நான். எதிர்பாராத கேள்வி வந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்து விடுவேன். ஆனால் கடந்த ஆண்டுக் கடைசியில், ரிங்லெட்டில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அம்மா சொன்ன ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

“நீ இத ஓட்டிக்கிட்டு வாம்மா. நான் தம்பியோட மைவியில வரேன்.”

அம்மா ‘இது’ என்றது அப்பாவின் காரை. 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். 4.7 லிட்டர் வி8 இயந்திரம். ஈப்போவில் ஒரு வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து, பதினோரு ஆண்டுகளில் அப்பா ஓட வைத்த கார் அது.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் நாட்டு டோல் சாவடிகளோ வலப்பக்கம். ஆகவே வலப்பக்க இருக்கையில் உட்காரும் அம்மாதான் ஒவ்வொரு சாவடியிலும் கையை நீட்டி டச் அண்ட் கோ அட்டையைத் தட்டுவார். “எங்க வீட்டு டோல் மேனேஜர்” என்று அப்பா கிண்டல் செய்வார். அப்பா போன பிறகு கார் என் கைக்கு வந்தது. அம்மாவின் இருக்கை மட்டும் மாறவில்லை, ரிங்லெட் வரை.

‘எந்தக் கோயில்மா?’

அப்பா விட்டுச் சென்றபோது காரின் முன்பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்து போயிருந்தன. பிரேக் பிடித்தால் மூக்கு தரையை முத்தமிடும். கோய்ல் ஓவர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்து, கீழே ஒரு ரிங்கைத் திருகி உயரத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பு அது. அம்மாவிடம் சொன்னபோது, “எந்தக் கோயில்மா? என்ன ஓவர்?” என்று கேட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குக் ‘கோயில்’ என்றுதான் பெயர்.

பெட்டி வாங்குவது சுலபம். அதில் எந்த ஸ்பிரிங் வர வேண்டும் என்று சொல்வதுதான் கடினம். 350, 450, 600, 850 என்று எண்கள் இருக்கும். 450 என்றால், அந்த ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 450 பவுண்டு எடை தேவை என்று பொருள். எண் கூடக்கூட ஸ்பிரிங் கெட்டி.

வெளிநாட்டில் இதே மாடல் காரைப் பந்தயத் தளத்தில் பறக்கவிடும் ஒருவரின் காணொளியைப் பார்த்திருந்தேன். அவர் போட்டிருந்தது 850. நானும் 850 கேட்டு வாங்கினேன். ‘கெட்டியானது நல்லது’ என்பதைத் தாண்டி என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

கேமரன் மலைக்கு அந்த ஸ்பிரிங்கோடுதான் போனோம். நெடுஞ்சாலையிலேயே அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டார். தாப்பாவில் இறங்கி மலைப்பாதையைப் பிடித்தோம். மழை பெய்து விட்டிருந்தது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ஓர் இடப்பக்க வளைவு. தாரில் ஒட்டுப் போட்ட மேடுபள்ளம். வேகம் ஐம்பதுதான் இருக்கும். முன் சக்கரங்கள் சாலையைப் பிடிக்காமல் தத்தித் தத்தி, கார் நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் நகர்ந்தது. எதிரே காய்கறி லோரி. லோரிக்காரர் ஒதுங்கினார், நானும் இழுத்துப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த லோரியின் பக்கம் உட்கார்ந்திருந்தது அம்மா.

கதவில் ஒரு பாடம்

கிள்ளானில் அப்பாவின் நண்பர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பது ஆண்டு அனுபவம். நடந்ததைச் சொன்னேன். அவர் காரைப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்: “காடி எவ்வளவு எடை பாப்பா?”

தெரியாது என்றேன்.

“சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் எவ்வளவு தூரம்?”

அதுவும் தெரியாது.

“ரெண்டும் தெரியாம எண்ண மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுகிட்டே?”

பிறகு பட்டறைக் கதவருகே அழைத்துப் போனார். கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளச் சொன்னார். கதவு நகர்ந்தது. கீல் பக்கம் தள்ளச் சொன்னார். முழுக் கையையும் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. “உன் ஸ்பிரிங் கதவோட நடுவுல நிக்குது. சக்கரம் கைப்பிடிப் பக்கம் நிக்குது. பெட்டியில போட்டிருக்கிற எண்ணு ஸ்பிரிங்கோட எண்ணு. சக்கரத்துக்கு அது தெரியாது.”

எங்கள் காரில் முன்பக்க ஸ்பிரிங் மேல் கையின் மீது உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கை உடலோடு சேரும் அச்சிலிருந்து வெளிமுனையின் பந்து மூட்டு வரை அளந்தோம்: 200 மில்லிமீட்டர். அதே அச்சிலிருந்து ஸ்பிரிங் உட்காரும் இடம் வரை: 110 மில்லிமீட்டர். 110ஐ 200ஆல் வகுத்தால் 0.55.

இந்த 0.55ஐ ஒரு முறை பெருக்கினால் போதாது, இரண்டு முறை பெருக்க வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் 0.55 அங்குலமே அமுங்குகிறது. அது ஒரு குறைப்பு. அதில் பிறக்கும் விசையும் கீல் பக்கத்தில் இருந்து தள்ளுவதால் சக்கரத்தை அடையும்போது 0.55 பங்காகிறது. அது இன்னொரு குறைப்பு. ஆக 0.55 பெருக்கல் 0.55, ஏறக்குறைய 0.30. ஸ்பிரிங் சற்றுச் சாய்ந்து நிற்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். முதல் கணக்குக்கு 0.30 போதும்.

அப்படியானால் 850 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 255 பவுண்டு. 450 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 135 பவுண்டு.

நம் இளைஞர்கள் ஸ்பிரிங் அளவை ‘6கே’, ‘8கே’ என்பார்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. 1கே என்பது 56 பவுண்டு. 450 பவுண்டு ஏறக்குறைய 8கே. மைவியில் ஸ்பிரிங் சக்கரத்தின் அருகிலேயே, ஸ்ட்ரட்டோடு நிற்கிறது. அங்கே 8கே போட்டால் சக்கரமும் கிட்டத்தட்ட 8கேவை உணரும். அதே 8கே எங்கள் மஸ்டாங்கின் சக்கரத்தை அடையும்போது 2.4கேதான். ஒருவர் காரில் போட்ட எண்ணை இன்னொருவர் காரில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அரிசி மூட்டையும் அம்மாவும்

அடுத்து எடை. பட்டறைக்குப் பக்கத்திலேயே பழைய இரும்புக் கடை. அங்கே லோரி நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் முன்பக்க எடை. முழுக் காரையும் ஏற்றினால் மொத்த எடை.

எண்ணெய் நிறைய இருக்க வேண்டும், வழக்கமாக உட்காருகிறவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் அங்கிள். அம்மாவைக் கூப்பிட்டேன். “என்னை என்ன பழைய இரும்புன்னு நினைச்சியா?” என்று மறுத்துவிட்டார். வலப்பக்க இருக்கையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஆறு அடுக்கினோம். “அஞ்சு போதும்” என்றார் அம்மா, தொலைபேசியில். ஆறாவது மூட்டையை நான் இறக்கவில்லை.

மொத்தம் 1,420 கிலோ. முன்பக்கம் 760. ஒரு முன் சக்கரத்துக்கு 380 கிலோ. இதில் சக்கரம், டயர், பிரேக், மூட்டு எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. அதற்கு 45 கிலோ கழித்தோம். மிச்சம் 335 கிலோ. ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் சுமப்பது இந்த எடையைத்தான்.

காருக்கும் ஓர் அலைவரிசை

இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. ஸ்பிரிங் மீது எடையை வைத்து அமுக்கி விட்டால் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேலும் கீழும் ஆடும். ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதன் அதிர்வெண். வானொலியில் நாங்கள் மெகாஹெர்ட்ஸில் பேசுகிறோம்; கார் ஒரு ஹெர்ட்ஸ், இரண்டு ஹெர்ட்ஸில் பேசுகிறது.

கணக்கு இதுதான். சக்கரத்தில் கிடைத்த பவுண்டு எண்ணை 175ஆல் பெருக்குங்கள். அதை ஸ்பிரிங் சுமக்கும் கிலோவால் வகுங்கள். வர்க்கமூலம் எடுத்து 6.28ஆல் வகுங்கள்.

850க்கு வந்தது 1.84 ஹெர்ட்ஸ். 600க்கு 1.54. 500க்கு 1.41. 450க்கு 1.34.

சாதாரணக் குடும்பக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதற்கு மேலே விளையாட்டுக் கார்கள். 2ஐ நெருங்கினால் வழவழப்பான பந்தயத் தளமும் அதற்கேற்ற டயரும் வேண்டும். நான் பந்தயக் காரின் ஸ்பிரிங்கைப் போட்டு அம்மாவை மலையேற்றியிருக்கிறேன்.

கழுத்து வலிக்கும் விடை கிடைத்தது. பின்பக்கம் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், 130 பவுண்டு. அது சக்கர அச்சின் மீதே உட்காருவதால் குறைப்பு இல்லை. ஒரு பின் சக்கரத்தின் ஸ்பிரிங் சுமப்பது 260 கிலோ. கணக்கிட்டால் 1.49 ஹெர்ட்ஸ்.

மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பின் சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடினால், தாமதத்தை ஈடுகட்டி இரண்டும் ஒன்று சேர்ந்து அடங்கும். கார் தலையாட்டாது. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மோரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆராய்ந்து சொன்ன உண்மை இது. எங்கள் காரில் முன்பக்கம் 1.84, பின்பக்கம் 1.49. தலைகீழ். அதனால்தான் ஒவ்வொரு மேட்டிலும் கார் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டியது. கூடவே அம்மாவின் கழுத்தும்.

தத்தியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கெட்டி ஸ்பிரிங் மேட்டை விழுங்காமல் சக்கரத்தை உதைத்துத் தள்ளியது. டயர் சாலையைத் தொடாத நொடியில் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. இரண்டு, நான் வாங்கிய ஷாக் அப்சார்பர் இவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டதல்ல. ஸ்பிரிங் காரைத் தாங்கும். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக். அமுங்கிய 850 திரும்ப விரியும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

நானூற்றைம்பதா, ஐந்நூறா?

கடைசியில் போட்டியில் நின்றவை 450ம் 500ம். இரண்டுமே பின்பக்கத்தின் 1.49க்குக் கீழே. அங்கிள் முடிவைச் சொல்லவில்லை. “யாரு உட்காரப் போறாங்க? எந்த ரோட்டுல போகப் போற?” என்று மட்டும் கேட்டார். நான் 450 என்றேன்.

அப்படியானால் வளைவில் கார் அதிகம் சாயாதா? சாயும். அதற்கு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காமல் வேறு வழி இருக்கிறது. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக மாற்றினோம். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறும்போது அது தலையிடாது. கார் ஒரு பக்கம் சாயும்போதுதான் வேலை செய்யும்.

இன்னொரு வழியை ஃபோர்டுக்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜிடி350 காரில் முன்பக்க மேல் கையின் அச்சை ஓர் அங்குலம் கீழே இறக்கி வைத்தார்கள். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த மாற்றம் அது. வளைவில் டயர் சாலையில் நேராகப் பதிய அது உதவியது. ஸ்பிரிங் எண்ணைத் தொடாமலே பிடிமானம் கூடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கெட்டி ஸ்பிரிங்குக்கு இந்தக் காரில் இன்னொரு விலையும் உண்டு. அந்தக்கால மஸ்டாங்கில் முன் ஸ்பிரிங்கின் முழுச் சுமையையும் தாங்குவது இயந்திரத்தின் இருபுறமும் நிற்கும் ஷாக் டவர் என்ற தகட்டுத் தூண்கள். அவற்றில் விரிசல் விடுவது பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் அறிந்த நோய். எங்கள் காரில் நல்ல வேளையாக இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கிள் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ரிங்கைச் சுற்றினால்…

புதிய ஸ்பிரிங் ஜோடிக்கு அனுப்புச் செலவோடு சுமார் 900 ரிங்கிட் ஆனது. மாட்டி இறக்கியதும் காரின் மூக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது. பயந்துவிட்டேன். கணக்குப்படி அது சரிதான். சக்கரத்தில் 335 கிலோ என்றால், நெம்புகோல் காரணமாக ஸ்பிரிங் மீது ஏறக்குறைய 610 கிலோ விழுகிறது. 850 அதற்கு 40 மில்லிமீட்டர் அமுங்கியது. 450 அமுங்கியது 76 மில்லிமீட்டர். வித்தியாசமான 36 மில்லிமீட்டருக்கு ரிங்கை மேலே திருகியதும் கார் பழைய உயரத்துக்கு வந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ரிங்கை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பார்கள். ஆகாது. 450 எப்போதும் 450தான். கார் உயரும், அவ்வளவே. அதிகம் உயர்த்தினால் ஷாக் ஏற்கெனவே நீண்டு நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடம் இருக்காது. தாழ்த்தினால் மேட்டில் இடிக்கும். கார் நிற்கும்போது ஷாக் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் இறங்குகிறீர்களா?

வீட்டில் ஒரு பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நிறுங்கள்; வழக்கமாக உட்காருகிறவர்களோடு, எண்ணெயோடு. அதே இயந்திரமுள்ள இன்னொரு காரின் எடை உங்களுக்கு உதவாது. அடுத்து அளங்கள், அச்சிலிருந்து ஸ்பிரிங், அச்சிலிருந்து பந்து மூட்டு. விகிதத்தை இரண்டு முறை பெருக்குங்கள். பின்பக்கத்தையும் கணக்கிடுங்கள், முன்பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்குக்கு உங்கள் ஷாக் பொருந்துமா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஷாக் முழுதும் அமுங்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் கட்டாயம். இத்தகைய மாற்றங்களுக்கு ஜேபிஜே விதிகள் என்ன, உங்கள் காப்புறுதி என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கார் யாருக்காக என்று தீர்மானியுங்கள். 450ல் பிரேக் பிடித்தால் மூக்கு கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. சிப்பாங் பந்தயத் தளத்துக்குப் போனால் 850காரர் என்னை முந்திவிடுவார். போகட்டும். அந்தத் தளத்தில் காய்கறி லோரி எதிரே வராது.

மறுபடியும் மலைப்பாதை

முதலில் நான் தனியாகத்தான் போனேன். மூன்று மூட்டை அரிசியைப் பின்னிருக்கையில் வைத்து, ஷாக்கின் குமிழை ஒவ்வொரு சொடுக்காகத் திருகி, கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போய் வந்தேன். அதன் பிறகே அம்மாவிடம் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் கைப்பையோடு வாசலில் நின்றார்.

சிலிம் ரிவரைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். தாப்பா சாவடியில் எழுப்பினேன். விழித்ததும் கேட்டது, “கார்ட் எங்க?”

தட்டினார். தடுப்பு உயர்ந்தது. அருவியைத் தாண்டி அதே வளைவு வந்தது. அன்றும் ஈரம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினேன். ஒட்டுப் போட்ட மேடு முன் சக்கரத்துக்குக் கீழே வந்தது, போனது. கார் தன் தடத்திலேயே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அருவியில் தண்ணீர் அதிகம் என்று மட்டும் சொன்னார்.

ரிங்லெட்டில் அதே தேநீர்க் கடை. தேநீர் வந்த பிறகு கேட்டேன், “எப்படிம்மா இருக்கு கோயிலு?”

ஆற்றிக் குடித்துவிட்டு யோசித்துச் சொன்னார்: “கழுத்து வலிக்கல. ஆனா ஏர்கோன் பத்தல.”

அடுத்த வாரம் அங்கிளைப் பார்க்கப் போகிறேன்.